வேர்ச்சொல்லா, அட்டையா, வாசிப்பா? ஆங்கிலச் சொல்வளத்துக்கு மூன்று வழிகள்

ஆங்கிலத்தில் சொல்வளம் போதவில்லை என்று நினைப்பவர்கள் ஒரே இடத்தில் வந்து திகைத்து நிற்கிறார்கள். லத்தீன், கிரேக்க வேர்ச்சொற்களைக் கற்றால் ஆயிரக்கணக்கான சொற்கள் பின்னாலேயே வந்துவிடும் என்கிறார் ஒருவர். அதெல்லாம் சுற்றுவழி, சொற்பட்டியலை அட்டையில் எழுதி உருப்போடு என்கிறார் இன்னொருவர். வீட்டிலோ, "தினமும் ஹிந்து பேப்பர் படி, போதும்" என்று தாத்தா காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்று வழியும் பலன் தரும். ஆனால் மூன்றும் ஒரே பலனைத் தருவதில்லை. ஆளுக்கும் நோக்கத்துக்கும் ஏற்ப ஒன்று ஏறும், ஒன்று இறங்கும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேர்ச்சொல் வழி அருமையான வழி, ஆனால் அது இரண்டாவது படி. இரண்டாயிரம் சொல்லாவது கைவசம் இருப்பவருக்கு அது பெரிய பலம். அது இல்லாதவருக்குக் கூடுதல் சுமை.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் காலம்: தேர்வு மூன்று மாதத்தில் இருக்கிறதா, அல்லது இரண்டு வருடம் இருக்கிறதா? இரண்டாவது நினைவு: கற்றது ஆறு மாதம் கழித்தும் நிற்குமா? மூன்றாவது ஊகம்: இதுவரை பார்க்காத ஒரு சொல் எதிரே வந்தால் ஓரளவு பொருள் பிடிபடுமா? நான்காவது பயன்பாடு: அந்தச் சொல்லை நீங்களே ஒரு வாக்கியத்தில் தப்பில்லாமல் போட முடியுமா? ஐந்தாவது ஆபத்து: தவறான பொருள் மனதில் பதிந்துவிட எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது?

பெரும்பாலானவர்கள் முதல் இரண்டை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். நான்காவதுதான் மிக அதிகமாகக் கவனிக்காமல் விடப்படுவது. ஒரு சொல்லை அடையாளம் கண்டுகொள்வது வேறு, அதைக் கையாளுவது வேறு.

## ஆங்கிலச் சொற்கள் எந்த அடுக்கில் இருக்கின்றன

இதைத் தெரிந்துகொள்ளாமல் வழியைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஆங்கிலம் பிறப்பால் ஜெர்மானிய மொழி. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் நீதிமன்றம், அரண்மனை, சமையல் என்று எல்லா இடத்திலும் புகுந்தன. அப்புறம் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் அறிஞர்கள் லத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் நேரடியாகவே அள்ளிக்கொண்டார்கள். 1973-இல் ஃபிங்கென்ஸ்டேட், வோல்ஃப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆக்ஸ்ஃபோர்டின் சுருக்க அகராதியில் இருந்த சுமார் 80,000 சொற்களின் பூர்வீகத்தைக் கணக்கெடுத்தார்கள். லத்தீன் சுமார் 28 சதவீதம், பிரெஞ்சும் அதே அளவு, ஜெர்மானியம் 25 சதவீதம், கிரேக்கம் 5 சதவீதம். பிரெஞ்சே லத்தீனின் பிள்ளைதான். ஆக, அகராதியில் பாதிக்கு மேல் லத்தீன், கிரேக்க வழி வந்தவை.

இந்தக் கணக்கைக் காட்டித்தான் வேர்ச்சொல் வகுப்புகளுக்கு ஆள் சேர்க்கிறார்கள். ஆனால் அதில் ஒரு பாதி விடுபட்டுப்போகிறது. அகராதியில் இருப்பது ஒரு கணக்கு, வாயில் வருவது இன்னொரு கணக்கு. ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் நூறு சொற்களை எடுத்தால் ஏறக்குறைய எல்லாமே ஜெர்மானியச் சொற்கள். 'கிவ் அப்', 'புட் ஆஃப்', 'லுக் ஆஃப்டர்', 'கெட் அலாங்' போன்ற இரட்டை வினைகளுக்கு எந்த லத்தீன் வேரும் உதவாது. அலுவலகத்தில் வெளிநாட்டுக்காரருடன் போனில் பேசும்போது திணறுபவருக்குப் பெரும்பாலும் சிக்கல் இந்த அடுக்கில்தான். பாடப்புத்தகமும் தலையங்கமும் புரியாதவருக்குச் சிக்கல் மேல் அடுக்கில், அதாவது லத்தீன், கிரேக்க அடுக்கில்.

இந்த அடுக்குமுறை தமிழருக்கு அந்நியமானது இல்லை. வானத்தில் பார்க்கும்போது 'நிலா' என்போம், கிரகணம் பிடித்தால் 'சந்திர கிரகணம்' ஆகிவிடும். ஆங்கிலமும் அப்படித்தான். பெயர் ஜெர்மானியம், அதன் பெயரடை லத்தீன்: 'மூன்' என்பதற்கு 'லூனார்', 'சன்' என்பதற்கு 'சோலார்', 'டூத்' என்பதற்கு 'டென்டல்', 'டாக்' என்பதற்கு 'கேனைன்'. பெயர் தெரிந்தவருக்கும் பெயரடை அடையாளம் தெரியாமல் போவது இதனால்தான்.

உங்கள் குறை எந்த அடுக்கில் என்று முதலில் பாருங்கள். கீழ் அடுக்கில் என்றால் வேர்ச்சொல் பகுதியைத் தாண்டிவிட்டு அடுத்த இரண்டு வழிகளுக்குப் போகலாம்.

## வழி ஒன்று: வேர்ச்சொற்கள்

மின்னசோட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் பிரவுன் ஒரு புகழ்பெற்ற பட்டியல் தந்தார். பதினான்கே சொற்கள். அவற்றுக்குள் 20 முன்னொட்டுகளும் 14 வேர்களும் அடக்கம். அவற்றைக் கற்றால் சாதாரண அகராதியில் பதினான்காயிரம் சொற்களுக்கும், பேரகராதியில் ஒரு லட்சம் சொற்களுக்கும் திறவுகோல் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. கணக்கில் பொய் இல்லை. ஆனால் அது அந்த உறுப்புகள் இடம்பெறும் சொற்களின் எண்ணிக்கை, நீங்கள் பொருள் சொல்லக்கூடிய சொற்களின் எண்ணிக்கை இல்லை.

இந்த வழியின் உண்மையான பலத்தை ஒரு வேரில் பார்க்கலாம். 'ஸ்பெக்ட்' என்றால் பார்த்தல். 'இன்ஸ்பெக்டர்' உள்ளே பார்ப்பவர். 'ஸ்பெக்டேட்டர்' பார்வையாளர். 'ப்ராஸ்பெக்ட்' முன்னோக்கிப் பார்ப்பது, அதாவது எதிர்கால வாய்ப்பு. 'ரெட்ரோஸ்பெக்ட்' பின்னோக்கிப் பார்ப்பது. 'சஸ்பெக்ட்' என்பதில் 'சப்' ஒளிந்திருக்கிறது: கீழிருந்து, ஓரக்கண்ணால் பார்ப்பது, ஆகவே சந்தேகிப்பது. இத்தனையும் பார்த்தவர், ஒரு தேர்வில் முதன்முறையாக 'சர்கம்ஸ்பெக்ட்' என்ற சொல்லைச் சந்தித்தால் தடுமாறத் தேவையில்லை. 'சர்கம்' என்றால் சுற்றி. சுற்றிலும் பார்த்து நடப்பவர், அதாவது முன்யோசனை உள்ளவர். மூன்றாவது அளவுகோலில் வேறு எந்த வழியும் இதன் பக்கத்தில் வர முடியாது.

தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இங்கே ஒரு சாதகம் உண்டு. அதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம். 'நடந்தனன்' என்பதைப் பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, சாரியை, விகுதி என்று பிரித்த கைக்கு ஆங்கிலச் சொல்லைப் பிரிப்பது புதிய வேலையே இல்லை. புணர்ச்சி விதிகளும் அப்படித்தான். 'மரம்' என்பதுடன் 'கள்' சேர்ந்தால் மகரம் ஙகரமாகி 'மரங்கள்' என்று வருகிறதே, அதே போலத்தான் 'இன்' என்ற எதிர்மறை முன்னொட்டு வரும் ஒலிக்கு ஏற்ப மாறுகிறது: 'பாசிபிள்' முன்னால் 'இம்', 'லீகல்' முன்னால் 'இல்', 'ரெகுலர்' முன்னால் 'இர்'. நாலும் வேறு வேறு முன்னொட்டுகள் என்று நினைத்து மனப்பாடம் செய்பவருக்கு நாலு வேலை. புணர்ச்சி என்று புரிந்தவருக்கு ஒரு வேலை.

இது எழுத்துக்கூட்டலிலும் கைகொடுக்கும். படித்தவர்களே தப்பாக எழுதும் 'அக்காமடேட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை 'சி', எத்தனை 'எம்' என்பதுதான் குழப்பம். அதன் உள்ளே இருப்பவை 'அட்', 'காம்', 'மோட்' என்ற மூன்று உறுப்புகள். 'அட்' என்பதன் கடைசி எழுத்து அடுத்து வரும் 'சி'-க்காகத் தானும் 'சி' ஆகிவிட்டது, ஆக இரண்டு 'சி'. 'காம்' முடியும் 'எம்', 'மோட்' தொடங்கும் 'எம்', ஆக இரண்டு 'எம்'. ஒருமுறை பிரித்துப் பார்த்துவிட்டால் பிறகு தப்பாக எழுதவே கை வராது. 'சைக்காலஜி' முன்னால் ஏன் ஊமை 'பி', 'கெமிஸ்ட்ரி'-யில் ஏன் 'சி-எச்', 'ஃபோட்டோ'-வில் ஏன் 'பி-எச்' என்பதற்கும் ஒரே பதில்தான்: கிரேக்க எழுத்துகளை ரோமானியர் லத்தீனில் எழுதிக் காட்டிய முறை அது.

இன்னொரு சாதகமும் இருக்கிறது. 1786 பிப்ரவரியில் கல்கத்தாவின் ஆசியவியல் கழகத்தில் வில்லியம் ஜோன்ஸ் ஆற்றிய உரையில், சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்றார். தமிழ் அந்தக் குடும்பத்தில் சேராது. ஆனால் வடமொழி வழியாக நம் வாயில் புழங்கும் சொற்கள் பல அந்த வேர்களின் உறவினர். நவராத்திரியின் 'நவ', நவம்பரின் 'நவம்'. தசாவதாரத்தின் 'தச', 'டெசிமல்'-இன் முதல் பாதி. அஷ்டலட்சுமியின் 'அஷ்ட', 'ஆக்டோபஸ்'-இன் 'ஆக்டோ'. பாதம் என்பது 'பெடல்', தந்தம் என்பது 'டென்டிஸ்ட்', அக்னி என்பது வண்டியின் 'இக்னிஷன்'. (ஒன்பது என்று பொருள்படும் நவம்பர் பதினொன்றாம் மாதமாக இருப்பது ஏன் என்றால், பழைய ரோமானிய ஆண்டு மார்ச்சில் தொடங்கியது.) ஒலி ஒத்துப்போகும் எல்லாச் சொல்லும் உறவு என்று கிளம்பிவிடக் கூடாது. அகராதி உறுதி செய்தால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

### மருத்துவம் படிப்பவருக்கு

வேர்ச்சொல் வழியை நான் தயங்காமல் பரிந்துரைக்கும் இடம் இது. 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளி மாணவர்கள் எம்.பி.பி.எஸ். சேர்கிறார்கள். அவர்களில் பலர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர்கள். முதல் வருடம் உடற்கூறியல் புத்தகத்தைத் திறந்ததும் மலைப்பு வருவது இயல்பு. ஆனால் அந்தப் புத்தகத்தில் உள்ள சொற்கள்தான் ஆங்கிலத்திலேயே மிக ஒழுங்காகக் கட்டப்பட்டவை.

'கோலிசிஸ்டெக்டமி' என்ற சொல்லைப் பாருங்கள். 'கோலி' என்றால் பித்தம். 'சிஸ்ட்' என்றால் பை. 'எக்டமி' என்றால் வெட்டி எடுத்தல். பித்தப்பை நீக்கம், அவ்வளவுதான். பித்தம், பை என்று நாம் அடுக்கிய அதே வரிசையில் கிரேக்கமும் அடுக்கியிருக்கிறது. இப்போது 'கோலிசிஸ்டைட்டிஸ்' என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். 'ஐட்டிஸ்' என்பது அழற்சி: 'ஹெபடைட்டிஸ்' கல்லீரலில், 'ஆர்த்ரைட்டிஸ்' மூட்டில், 'காஸ்ட்ரைட்டிஸ்' இரைப்பையில்.

நெருக்கமாகத் தெரியும் மூன்று விகுதிகளை மட்டும் பிரித்துப் பதித்துக்கொள்ளுங்கள். 'எக்டமி' வெட்டி நீக்குதல். 'ஆட்டமி' வெட்டித் திறத்தல். 'ஆஸ்டமி' திறப்பு ஒன்றை அமைத்தல், ஏனென்றால் 'ஸ்டோமா' என்றால் வாய். அதேபோல 'ஹைப்பர்' என்பது மிகை, 'ஹைப்போ' என்பது குறை. 'ஹைப்பர்கிளைசீமியா' சர்க்கரை ஏறியது, 'ஹைப்போகிளைசீமியா' சர்க்கரை இறங்கியது. ஒரே ஓர் அசை வித்தியாசம், சிகிச்சை நேர்மாறு. செவிலியர் படிப்புக்கும் மருந்தாளுநர் படிப்புக்கும் இது அப்படியே பொருந்தும்.

ஒரு சின்னக் குழப்பம் உண்டு. பல உறுப்புகளுக்கு லத்தீன் வேர் ஒன்று, கிரேக்க வேர் ஒன்று என இரண்டு இருக்கும். சிறுநீரகத்துக்கு 'ரீனல்' லத்தீன், 'நெஃப்ரோ' கிரேக்கம். நுரையீரலுக்கு 'பல்மனரி' லத்தீன், 'நியூமோ' கிரேக்கம். இவற்றை ஜோடி ஜோடியாகவே எழுதி வைப்பது நல்லது.

### போட்டித் தேர்வில் எங்கே உதவும்

மத்திய அரசுப் பணிக்கான எஸ்.எஸ்.சி. தேர்வுகளில் ஒரு சொற்றொடருக்கு ஒரே சொல் தரும் கேள்விகள் வரும். அந்தப் பகுதியின் பெரும்பங்கு கிரேக்க, லத்தீன் கட்டுமானம்தான். 'சைட்' என்றால் கொலை: 'ரெஜிசைட்' மன்னனை, 'மேட்ரிசைட்' தாயை, 'ஃபிராட்ரிசைட்' சகோதரனை, 'ஜெனோசைட்' ஓர் இனத்தையே. 'கிரசி' என்றால் ஆட்சி: 'டெமோ' மக்கள், 'புளூட்டோ' செல்வர், 'ஆட்டோ' தனியொருவர். 'ஆம்னி' என்றால் எல்லாம்: எல்லாம் அறிந்த 'ஆம்னிஷியன்ட்', எல்லாம் வல்ல 'ஆம்னிபொடென்ட்'. இருபது முப்பது வேர்களை ஒரு மாதத்தில் முடித்தால் இந்தப் பகுதியில் நம்பிக்கை வந்துவிடும்.

### மறைந்திருக்கும் செலவு

சரி, இவ்வளவு நல்ல வழியில் என்ன குறை? வேர் பொய் சொல்லாது, ஆனால் சொல் வேரை விட்டு வெகுதூரம் போயிருக்கும். 'எக்ரீஜியஸ்' என்ற சொல்லின் வேர்ப்பொருள் 'மந்தையிலிருந்து தனித்து நிற்பது'. ஒரு காலத்தில் அது பாராட்டு. இன்று அது படுமோசமான தவறுக்கு மட்டுமே வரும். வேரை மட்டும் நம்பி மேலதிகாரியை அந்தச் சொல்லால் பாராட்டினால் விளைவு விபரீதம். 'மானுஃபாக்சர்' என்பதன் வேர் கையால் செய்வது, இன்றைய பொருளோ எந்திரத்தால் பெருமளவில் செய்வது.

அடுத்தது இரட்டை வேர்கள். 'பெடஸ்ட்ரியன்'-இல் வருவது லத்தீன் 'பெட்', பொருள் பாதம். 'பீடியாட்ரிஷியன்'-இல் வருவது கிரேக்க வேர், பொருள் குழந்தை. அமெரிக்க எழுத்துக்கூட்டலில் இரண்டும் ஒன்றே. 'ஹோமோஜீனியஸ்'-இல் கிரேக்க 'ஹோமோ' என்றால் ஒரே மாதிரி. 'ஹோமிசைட்'-இல் லத்தீன் 'ஹோமோ' என்றால் மனிதன். 'மிஸ்டேக்'-இல் உள்ள 'மிஸ்' தவறு, 'மிசாந்த்ரோப்'-இல் உள்ள 'மிஸ்' வெறுப்பு. 'இன்ஃப்ளேமபிள்' என்பதில் 'இன்' எதிர்மறை என்று நினைத்தால், எளிதில் தீப்பற்றும் பொருளைத் தீப்பற்றாதது என்று படித்துவிடுவோம்.

மொழியியலாளர் பட்யா லாஃபர் இதை ஆராய்ந்தவர். உறுப்புகளைப் பார்த்துப் பொருள் தெரிந்துவிட்டதாக நினைக்க வைக்கும் சொற்கள், சுத்தமாகத் தெரியாத சொற்களைவிட ஆபத்தானவை என்பதை அவர் சுட்டிக்காட்டினார். தெரியாது என்று தெரிந்தால் அகராதியைத் திறப்போம். தெரியும் என்று நினைத்தால் தாண்டிப் போய்விடுவோம். ஐந்தாவது அளவுகோலில் இந்த வழிதான் கடைசி இடம்.

நான்காவதிலும் அதேதான். 'ஸ்பெக்ட்' தெரிந்ததால் 'சர்கம்ஸ்பெக்ட்' எந்த முன்னிடைச்சொல்லுடன் (ப்ரெப்பசிஷன்) வரும், பேச்சில் வருமா, எழுத்தில் மட்டுமா என்பதெல்லாம் தெரியாது.

## வழி இரண்டு: பட்டியலும் அட்டையும்

மறதியைப் பற்றிய முதல் முறையான ஆய்வு 1885-இல் வந்தது. ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹவுஸ், கற்றது முதல் சில மணி நேரத்திலும் நாட்களிலும் வேகமாக மறந்து, பிறகு மெல்ல மெல்ல மறக்கிறது என்று காட்டினார். மறக்கப் போகும் நேரத்தில் மீண்டும் ஒருமுறை பார்த்தால் அடுத்த முறை கூடுதல் நாள் நிற்கும். 1970-களில் செபாஸ்டியன் லெய்ட்னர் இதை அட்டைப்பெட்டி முறையாக்கினார். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தப்பாகச் சொன்னது முதல் அறைக்குத் திரும்பும். இன்று 'ஆங்கி' போன்ற செயலிகள் அதையே கணக்கிட்டுத் தருகின்றன. ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் காசு.

கால அளவுகோலிலும் நினைவு அளவுகோலிலும் இதற்கு முதலிடம். ஆனால் எந்தப் பட்டியல் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அகர வரிசையில் 'அபேஸ்', 'அபேட்', 'அப்டிகேட்' என்று தொடங்கும் பட்டியலை தயவுசெய்து தொடாதீர்கள். ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களை ஒரே நாளில் படித்தால் ஒன்றோடொன்று கலந்துவிடும். புழக்கத்தின் அடிப்படையில் அமைந்த பட்டியல்தான் வேண்டும். வங்காளத்தில் கல்விப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட் 1953-இல் சுமார் 2,000 சொற்கள் கொண்ட பொதுப் பட்டியலை வெளியிட்டார். சாதாரண எழுத்தில் வருவதில் ஏறக்குறைய 80 சதவீதம் அதற்குள் அடங்கும். 2000-இல் நியூசிலாந்தின் அவெரில் காக்ஸ்ஹெட் 570 சொற்குடும்பங்களை (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) கொண்ட கல்வித்துறைப் பட்டியலைத் தந்தார். பாடநூல்களில் இன்னும் பத்து சதவீதத்தை அது பிடிக்கும். இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. இரண்டாவது பட்டியலில் பெரும்பாலானவை லத்தீன், கிரேக்க வழிச் சொற்கள் என்பதால் வேர்ச்சொல் வழிக்கும் அதுவே நல்ல வாசல்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? ஒன்று, பாக்கி ஏறும். தினம் இருபது புது அட்டை என்று உற்சாகமாகத் தொடங்கினால் சில வாரத்தில் திரும்பப் பார்க்க வேண்டியவை தினமும் நூறைத் தாண்டும். நாலு நாள் ஊருக்குப் போய்வந்தால் மலைபோல் குவிந்திருக்கும். பலர் விட்டுவிடுவது அந்த இடத்தில்தான். தினம் ஏழெட்டுக்கு மேல் வேண்டாம்.

இரண்டு, அட்டையின் பின்பக்கம் ஒரே தமிழ்ச்சொல் எழுதும் பழக்கம். 'கமிட்' என்றால் 'செய்' என்று எழுதி வைத்தவர் குற்றத்துக்கும் தவறுக்கும் அதைச் சரியாகப் போடுவார், வீட்டுப்பாடத்துக்கும் அதையே போட்டு மாட்டிக்கொள்வார். அட்டையில் ஒரு முழு வாக்கியம் இருக்க வேண்டும், சொல் இருக்கும் இடத்தில் கோடு இருக்க வேண்டும். செய்ய நேரம் பிடிக்கும், ஆனால் பயன்பாட்டு அளவுகோலில் இந்த வழி தேறுவது அப்படிச் செய்தால் மட்டும்தான்.

புதுச் சொல்லை ஊகிக்கும் திறனை அட்டை தராது. படித்தது வந்தால் தெரியும், படிக்காதது வந்தால் தெரியாது.

## வழி மூன்று: வாசிப்பு

பயன்பாட்டுக்கு இதுதான் ராஜபாட்டை. ஒரு சொல் யாருடன் சேரும், எங்கே முகம் சுளிக்க வைக்கும் என்பதெல்லாம் வாசிப்பில்தான் பிடிபடும். தவறான பொருள் பதியும் ஆபத்தும் குறைவு, ஏனென்றால் அடுத்த பக்கத்தில் அதே சொல் வேறு வாக்கியத்தில் வந்து திருத்திவிடும்.

சிக்கல், எதைப் படிப்பது என்பதில். ஆய்வாளர் பால் நேஷன் கணக்குப்படி, நாவலையோ நாளிதழையோ தடையில்லாமல் படிக்க அதன் சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் தேவை. 98 சதவீதம் என்றால் ஐம்பது சொல்லுக்கு ஒன்று தெரியாதது. அந்த நிலையில் வாசிப்பே கற்றுத்தரும். பத்துக்கு ஒன்று தெரியாவிட்டால் அது வாசிப்பு இல்லை, அகராதி புரட்டல்.

அதனால்தான், தலையங்கத்திலிருந்து தொடங்கச் சொல்லும் பழைய அறிவுரையில் எனக்கு உடன்பாடில்லை. பேப்பர் சரி, பக்கம் தப்பு. விளையாட்டுப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். நேற்று பார்த்த மேட்சின் செய்தியைப் படிக்கும்போது பாதி பொருள் கையில் இருக்கிறது, சொற்கள் தானாக ஒட்டிக்கொள்ளும். அப்புறம் உள்ளூர்ச் செய்தி, தலையங்கம் கடைசியில். அதுவும் கடினம் என்றால், சொல் அளவு குறைத்து எழுதிய படிநிலை வாசிப்பு நூல்கள் இருக்கின்றன. எந்தப் பக்கத்தை எடுத்தாலும் முதல் நூறு சொல்லை எண்ணிப் பாருங்கள். தெரியாதவை ஐந்துக்கு மேல் என்றால் அது இப்போதைக்கு உங்களுக்கான பக்கம் இல்லை.

இதன் மறைந்த செலவு காலம்தான். அரிதான சொல் மறுபடி வர மாதக்கணக்காகும், அதற்குள் முதல் சந்திப்பு மறந்திருக்கும். மூன்று மாதத்தில் தேர்வு உள்ளவர் இதை மட்டும் நம்பக் கூடாது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | வேர்ச்சொல் | அட்டை | வாசிப்பு |
|---|---|---|---|
| பலன் தெரியும் காலம் | ஓரிரு மாதம் | சில வாரம் | ஆறு மாதத்துக்கு மேல் |
| நினைவில் நிற்பது | நன்று | தொடர்ந்தால் மிக நன்று | அடிக்கடி வரும் சொல்லுக்கு நன்று |
| புதுச்சொல்லை ஊகிப்பது | மிக நன்று | இல்லை | ஓரளவு, சூழலை வைத்து |
| சரியாகப் பயன்படுத்துவது | குறைவு | வாக்கியம் இருந்தால் நன்று | மிக நன்று |
| தவறான பொருள் ஆபத்து | அதிகம் | நடுத்தரம் | குறைவு |

## யாருக்கு எது

மருத்துவம், செவிலியர், உயிரியல் படிப்பவர்: வேர்ச்சொல், முதல் வாரத்திலிருந்தே. பாடத்திலேயே அந்தச் சொற்கள் திரும்பத் திரும்ப வருவதால் தனியாக அட்டைகூட வேண்டாம்.

வங்கி, எஸ்.எஸ்.சி. தேர்வுக்கு மூன்று மாதம் இருப்பவர்: அட்டைதான் முதுகெலும்பு. ஒருசொல் கேள்விகளுக்கு மட்டும் வேர்ச்சொல். விடுபட்ட இடத்தை நிரப்பும் பத்திகளுக்காகத் தினம் ஒரு செய்தி.

வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வு எழுதுபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எதிர்ச்சொல், சொல்லுறவுக் கேள்விகள் 2011 ஆகஸ்ட்டிலேயே நீக்கப்பட்டுவிட்டன. இப்போது இருப்பவை வாக்கியத்தின் போக்கைப் புரிந்து இடம் நிரப்பும் கேள்விகள். அண்ணனோ அக்காவோ கொடுத்த பழைய சொற்பட்டியலை மட்டும் உருப்போடுவது அந்தக் காலத் தேர்வுக்கான தயாரிப்பு. இந்தத் தேர்வுக்கு நல்ல கட்டுரைகளின் வாசிப்பு அடித்தளம், அதில் சந்தித்த சொற்கள் அட்டைக்கு, அட்டையில் ஒரே வேர் மூன்று தடவை தென்பட்டால் அப்போது வேர்ச்சொல்.

அலுவலகப் பேச்சு மேம்பட வேண்டும் என்பவருக்கு வேர்ச்சொல் வேண்டாம். இரட்டை வினைகளை வாக்கியத்தோடு அட்டையில் எழுதுங்கள், நிறையக் கேளுங்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிப்பு மட்டும் போதும். 'ட்ரைசைக்கிள்', 'ட்ரையாங்கிள்' இரண்டிலும் என்ன பொது என்று போகிற போக்கில் கேட்டுவிட்டு விட்டுவிடலாம். பட்டியல் கொடுத்து ஆர்வத்தைக் கெடுக்க வேண்டாம்.

## வேர்ச்சொல் என்று முடிவெடுத்தவருக்கு

வேர்ப்பட்டியலிலிருந்து சொல்லுக்குப் போகாதீர்கள், தெரிந்த சொல்லிலிருந்து வேருக்குப் போங்கள். 'போர்ட்' என்றால் சுமத்தல் என்று தொடங்குவதைவிட, 'எக்ஸ்போர்ட்', 'இம்போர்ட்', 'டிரான்ஸ்போர்ட்', 'போர்ட்டர்' நாலும் உங்களுக்குத் தெரியும், அவற்றுக்குள் பொதுவாக என்ன இருக்கிறது என்று தேடுவது பல மடங்கு பலன் தரும். முதலில் முன்னொட்டுகள், ஏனென்றால் அவை எண்ணிக்கையில் குறைவு, வருகையில் அதிகம். அப்புறம் முப்பது வேர். ஒரு வேருக்கு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, நீங்களே எங்கோ படித்துச் சந்தித்த சொற்களை மட்டும் அதில் சேருங்கள்.

ஒவ்வொரு சொல்லையும் சேர்ப்பதற்கு முன் நல்ல அகராதியில் அதன் சொற்பிறப்புக் குறிப்பைப் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டு, மெரியம் வெப்ஸ்டர் இரண்டிலும் இருக்கும். இணையத்தில் சொற்பிறப்புக்கென்றே இலவச அகராதிகளும் உண்டு. வேர்ப்பொருளும் இன்றைய பொருளும் ஒத்துப்போனால் பக்கத்தில் எழுதுங்கள். 'எக்ரீஜியஸ்' போல விலகிப் போயிருந்தால், அதை அந்தப் பக்கத்தில் எழுதாமல் முழு வாக்கியத்தோடு அட்டையில் எழுதுங்கள்.